காசநோயைப் பற்றி வகுப்பில் பேசும்போது யாருடைய வீடும் காட்டிக்கொடுக்கப்படாமல் இருக்க என்ன வழி?

கேட்டவர்: மஸ்கெலியா டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தைக் கற்பித்து வருகிறேன். சுகாதாரக் கழகமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. மார்ச் 24 உலக காசநோய் தினம் என்பதால், அந்த வாரத்தில் தரம் 9, 10, 11 மாணவர்களுக்கு ஏதாவது செய்யுமாறு அதிபர் கேட்டிருக்கிறார். ஒரு பதாகை, ஒரு கட்டுரைப் போட்டி, காலைக் கூட்டத்தில் பத்து நிமிடப் பேச்சு என்று வழக்கம்போல் முடித்துவிடலாம். இரண்டு வருடங்களுக்கு முன் என் வகுப்பிலேயே நடந்த ஒன்று அப்படி முடிக்க என்னை விடவில்லை.

அன்று நோயின் அறிகுறிகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை என்று எழுதி முடிப்பதற்குள் பின் வாங்கிலிருந்து ஒரு பையன், "மிஸ், இவ அப்பாவுக்கு அதுதான், கிளினிக் போறாரு" என்று ஒரு பிள்ளையைக் காட்டிச் சொல்லிவிட்டான். மறுநாள் அந்தப் பிள்ளை தன் வாங்கில் தனியாக இருந்தாள். பக்கத்தில் இருந்த இருவரும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போயிருந்தார்கள். நான்காவது நாள் அவள் பாடசாலைக்கே வரவில்லை. அவளுடைய லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, இரண்டு முறை நடந்து, பெற்றோரிடம் பேசித்தான் திரும்ப அழைத்து வர முடிந்தது. அப்போது அவளுடைய தகப்பன் நான்காவது மாத மாத்திரையில் இருந்தார். அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் கட்டம் எப்போதோ கடந்து போயிருந்தது. அதை நான் பாடத்தின் முதல் வரியாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல் இருமல். ஜூன் தொடங்கினால் இங்கே மழையும் மூட்டமும்தான். லயத்து அறையான காம்பராவுக்குள் விறகடுப்புப் புகை வேறு. எல்லோரும் இருமுகிறார்கள். "இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் பரிசோதிக்க வேண்டும்" என்று சொன்னால், "அப்படியென்றால் எங்கள் லயம் முழுவதையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டும் மிஸ்" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. எந்த ஒரு வீட்டையும் சுட்டாமல், அதே நேரத்தில் பிள்ளைகள் சிரித்துத் தள்ளிவிடாமல் இதைச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற பரிசோதகர்

டீச்சர், வேலைக்காலம் முழுவதையும் தோட்டப் பகுதிகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பாடநூல் ஒழுங்கில் போனால் முதலில் கிருமி, பிறகு பரவும் விதம், பிறகு அறிகுறி, கடைசியில் சிகிச்சை என்று வரும். பெரும்பாலும் அறிகுறியில் இருக்கும்போதே மணி அடித்துவிடும். பிள்ளைகள் பயத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆகவே கடைசிப் பாடத்தை முதலில் எடுங்கள். இது மாத்திரையால் குணமாகும் நோய். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. ஒழுங்காக மருந்தெடுக்கத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரங்களில், மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண நோயாளியிடமிருந்து தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அரசாங்கத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. இவ்வளவையும் கேட்ட பிறகு ஒருவனுடைய தகப்பன் கிளினிக்குக்குப் போகிறார் என்று தெரிந்தால், கிளினிக்குக்குப் போகிறவரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, போகாமல் இருமிக்கொண்டிருப்பவரைப் பார்த்தே பயப்பட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

கையோடு எதனால் பரவாது என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் வீடுகளுக்குப் போன காலத்தில், நோயாளி குடிக்கும் டம்ளரின் அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, அதை அடுப்படியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அதே வீட்டில் ஆறு பேர் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரே காம்பராவில் படுப்பார்கள். புள்ளி வைத்த டம்ளரால் எந்தப் பயனும் இல்லை, திறந்த ஜன்னலால் பயன் உண்டு. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிவரும் நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கின்றன. மூடிய இடத்தில் நெடுநேரம் அவற்றைச் சுவாசிப்பவருக்கே தொற்றுகிறது. கோப்பை, தட்டு, துணி, கைகுலுக்கல் ஆகியவற்றால் பரவுவதில்லை. கழுத்துக் கட்டியாகவோ முதுகெலும்பிலோ வரும் காசநோய் இருமலால் பரவுவதே இல்லை.

இது பரம்பரை நோய் என்ற பேச்சும் இன்னும் ஓயவில்லை. மார்ச் 24 என்ற தேதியே அந்தப் பேச்சுக்கான பதில்தான். 1882ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ரொபர்ட் கொக் பெர்லினில் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டதாக அறிவித்தார். அதற்கு முன் இது குடும்ப வழியில் இறங்கும் நோய் என்று படித்தவர்களே நம்பினார்கள். எங்கள் தோட்டங்களில் சம்பந்தம் பேசும்போது "அது அந்தக் குடும்பத்திலேயே உள்ள வருத்தம்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கொக் சொன்ன செய்தி எங்கள் லயத்துக்கு வந்து சேர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலும்.

இனி உங்கள் இருமலுக்கு வருகிறேன். தடிமனால் வந்த இருமல் இரண்டாவது கிழமையில் இறங்கத் தொடங்கும். இறங்காமல் நிற்கும் இருமல்தான் நாங்கள் தேடும் இருமல். அதனோடு உடல் மெலிவு, பசியின்மை, பின்னேரத்தில் காயும் காய்ச்சல், குளிரிலும் இரவில் சட்டையை நனைக்கும் வியர்வை ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது. எங்கள் மக்களிடம் "எத்தனை நாளாக?" என்று கேட்டால் "கொஞ்ச நாளாக" என்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் மூன்று மாதமாகவும் இருக்கும். வீட்டில் தொங்கும் கலண்டரில் இருமல் தொடங்கிய நாளில் ஒரு புள்ளி வைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதுவே போதும். இருமல் நின்றால் புள்ளியை மறந்துவிடலாம், பதினான்கு நாள் தாண்டினால் ஆஸ்பத்திரி. லயம் முழுவதையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டிய அவசியம் வராது.

சளியில் இரத்தம் என்று பாடநூலில் இருக்கிறது. வெற்றிலை போடுகிறவர்களுடைய எச்சில் எப்போதும் சிவப்பாகவே இருப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. காலையில் வாய் கொப்பளித்த பின், வெற்றிலை போடுவதற்கு முன் துப்புவதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் தாத்தா பாட்டிமாருக்குச் சொல்லலாம்.

கடைசியாக, பதாகைகளில் ஒருபோதும் வராத விடயம் ஒன்று. பரிசோதனைக்குச் சளி கேட்டால் பாதிப் பேர் எச்சிலைக் கொண்டு வருகிறார்கள். எச்சிலில் கிருமி தென்படாது. முடிவில் ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதியாகப் போய்விடுவார்கள், இருமலும் அவர்களோடேயே வீட்டுக்குத் திரும்பிப் போகும். காலையில் எழுந்தவுடன் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, வெளியே திறந்த இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி வருகிற கெட்டியான சளியே தேவை. கொடுக்கப்பட்ட குப்பியில் அதை எடுத்து இறுக மூடிக் கொடுக்க வேண்டும். இதைத் தரம் 10 பிள்ளை ஒருவன் தன் அப்பாவுக்குச் சரியாக விளக்கிச் சொன்னால், அதைவிடப் பெரிய கட்டுரைப் போட்டி வேறு இல்லை.

பதில்: ஊவாக்காரன்

டீச்சர், நானும் ஆசிரியன்தான், ஹப்புத்தளைப் பக்கம். காற்றில் பரவும் என்று வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே ஒரு முறை வகுப்பின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு, முன் மேசையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தேன். வாசனை வந்ததும் கையைத் தூக்கச் சொன்னேன். முதல் வாங்கில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாகக் கைகள் எழும்பிக் கடைசி வாங்கு வரைக்கும் போயின. பிறகு ஊதுபத்தியை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தோம். ஹப்புத்தளைக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மேசையில் கிடந்த வரவுப் பதிவேடே பறந்தது. வாசனை போக எவ்வளவு நேரம் ஆனது என்று பிள்ளைகளே கணக்குப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான், குளிர் விடுவதில்லை. ஆனாலும் இரண்டு ஜன்னலாவது திறந்திருக்கிறது.

மற்றது, எல்லோருக்கும் பொதுவான ஒன்றிலிருந்து தொடங்கினால் ஒருவரைச் சுட்ட வேண்டிய தேவையே வராது. காசநோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் ஏற்றிய பீ.சீ.ஜீ. தடுப்பூசியின் தழும்பு அநேகமாக எல்லாப் பிள்ளைகளின் இடது மேற்கையிலும் இருக்கிறது. அதை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம். அந்தத் தழும்பு இருந்தால் நோய் வராது என்று நினைக்கிறவர்கள் ஆசிரியர் அறையிலும் இருக்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கடுமையான வகைகளிலிருந்து அது நல்ல பாதுகாப்புத் தருகிறது. வளர்ந்தவர்களுக்கு நுரையீரலில் வருவதை நம்பத்தகுந்த முறையில் தடுப்பதில்லை. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பெரியவர்களைப் போலவே நுரையீரல் நோய் வரக்கூடும் என்பதால், தரம் 9, 10, 11 என்று நீங்கள் தெரிந்தெடுத்தது சரி.

நோய் வந்தவர் என்று யாரையாவது காட்டியே ஆக வேண்டுமென்றால் நெல்சன் மண்டேலாவைக் காட்டுங்கள். 1988இல் சிறையில் இருந்தபோது அவருக்குக் காசநோய் வந்தது, சிகிச்சையில் குணமடைந்தார். 1994இல் நாட்டின் ஜனாதிபதியானார்.

பதில்: பழைய மாணவி, லிந்துலை

டீச்சர், நான் உயர்தரம் படிக்கும்போது எனக்கு இந்த நோய் இருந்தது. இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்த ஆறு மாதத்தைப் பற்றி எங்கள் லயத்துக்கு வெளியே எழுதுவது இதுவே முதல் தடவை.

என்னைப் பயமுறுத்தியது இருமல் அல்ல. மாத்திரை தொடங்கிய முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. இரத்தம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் அழுதேன். இரண்டாம் நாள் மாத்திரையை விழுங்காமல் கைக்குள் ஒளித்துவிட்டேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் எனக்கு மாத்திரை கொடுத்து விழுங்கும் வரை பார்த்திருக்கும் பொறுப்பில் இருந்த அக்கா அதைக் கண்டுகொண்டார். கோபிக்கவில்லை. அந்த நிறம் மருந்தினுடையது, இரத்தம் அல்ல, கண்ணீர்கூட அப்படி வரும் என்று சொன்னார். இதை யாராவது வகுப்பில் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த ஓர் இரவு எனக்கு மிஞ்சியிருக்கும். ஆகவே இதையும் உங்கள் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம் முடிவதற்குள் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. "அதுதான் சுகமாகிவிட்டதே, இனி எதற்கு இந்த மாத்திரை" என்று அப்பாயி சொன்னார். ஆபத்தான இடம் அதுதான். சுகம் என்று தோன்றும்போதும் கிருமி உள்ளே மிச்சம் இருக்கும். பாதியில் விட்டால் அதே மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரக்கூடும், அப்போது வேறு மருந்து, கூடுதலான கஷ்டம். பிள்ளைகள் வீட்டில் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள வசனம் "இன்றைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்பதுதான்.

குணமானவர் ஒருவரை மேடையேற்றிப் பேச வைக்கலாம் என்று இங்கே யாராவது எழுதக்கூடும். தயவுசெய்து அதே தோட்டத்தைச் சேர்ந்தவரை அழைக்காதீர்கள். அவர் பேசிவிட்டு இறங்கிப் போனாலும் அவருடைய தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் நாள் வரைக்கும் அந்தப் பேச்சு அவர் பின்னால் வரும். நான் எழுதியதைப் பெயரில்லாமல் வாசித்துக் காட்டுவதானால் எனக்குச் சம்மதம்.

பதில்: இராகலை

பரிசோதகர் ஐயா எழுதியவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பவர்கள் பாடசாலைப் பிள்ளைகள்தான். அங்குள்ளவர் சிங்களத்தில் கேட்பார், அம்மா தமிழில் சொல்வார், நடுவில் தரம் 10 பிள்ளை நிற்கும். நானும் அப்படி நின்ற பிள்ளைதான். என் அம்மா "மூணு கிழமையா இருமல், ராத்திரி காய்ச்சல்" என்று சொன்னதை நான் வெட்கத்தில் வெறும் "கெஸ்ஸ", அதாவது இருமல் என்று மட்டும் சொல்லிவிட்டேன். பாணிமருந்து தந்து அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அது காசநோய் அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஆனால் இருந்திருந்தால் அந்தத் தாமதத்துக்கு நானே காரணமாகியிருப்பேன்.

ஆகவே நான்கு சொற்களைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். "கெஸ்ஸ" என்றால் இருமல், "செம" என்றால் சளி, "உண" என்றால் காய்ச்சல், "சதி தெக்கக் திஸ்ஸே" என்றால் இரண்டு வாரமாக. சதி என்பது அவர்களுக்கு வாரம், பிள்ளைகள் தமிழ்ச் சதியை நினைத்துச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பிலேயே சொல் மனதில் பதிந்துவிடும். எத்தனை நாள் என்பதைச் சொல்லாமல் இருமல் என்று மட்டும் சொன்னால் யாரும் சளிப் பரிசோதனைக்கு எழுதித் தரமாட்டார்கள்.

பதில்: மஸ்கெலியா டீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. குறிப்பாக லிந்துலைத் தங்கைக்கு. நீங்கள் எழுதியதை உங்கள் அனுமதியுடன், இடப்பெயரையும் நீக்கிவிட்டு வாசிப்பேன்.

ஐயாவிடம் இரண்டு கேள்விகள். ஒன்று, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய வேலைக்கான சம்பளம், போய்விடும் என்பதற்காகவே பலர் போவதில்லை. பிள்ளை வீட்டில் என்னதான் சொன்னாலும் சம்பளத்தை வெல்ல முடியாது. இரண்டு, அந்தப் பிள்ளை இன்னும் எங்கள் பாடசாலையில்தான் இருக்கிறாள், இப்போது தரம் 11. நிகழ்ச்சி நடப்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்வதா, அல்லது ஒன்றும் நடக்காதது போல இருப்பதா?

பதில்: ஓய்வுபெற்ற பரிசோதகர்

பேர் போவது உண்மை, அதை மறுத்துப் பேசினால் பிள்ளைகள் உங்களை நம்பமாட்டார்கள். ஆனால் ஒரு நாள் பேருக்காகத் தள்ளிப்போட்டு, படுத்த படுக்கையாகி, மாதக்கணக்கில் பேர் போன குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். முதலிலேயே மாவட்டத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் பயணம் போக வேண்டும் என்று இல்லை. அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் காட்டி, சளிப் பரிசோதனையை எங்கே செய்யலாம் என்று கேட்கலாம். நோய் உறுதியான பின் அன்றாட மாத்திரையை வீட்டுக்கு அருகில் ஒருவர் முன்னிலையில் எடுக்க ஏற்பாடு செய்யப்படும். லிந்துலைப் பிள்ளை எழுதியது அதைத்தான். பரிசோதகர் வீட்டுக்கு வருவார் என்பதையும் மாணவர்களிடம் சொல்லி வையுங்கள், இது சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். அவர் குற்றம் பிடிக்க வருகிறவர் அல்லர். கூட இருப்பவர்களைப் பரிசோதிக்கவும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்த பின் தடுப்பு மருந்து கிடைக்கச் செய்யவும் வருகிறார். பக்கத்துக் காம்பராவில் விசாரித்தால் அவர் வேறு ஏதாவது காரணம் சொல்வார், நாங்கள் பெரும்பாலும் நுளம்புப் பரிசோதனை என்று சொல்லிவிடுவோம்.

கோவிட் தொற்றுக்கு முந்தைய வருடங்களில் இலங்கை முழுவதும் ஆண்டுதோறும் 8000க்கும் அதிகமான நோயாளர்கள் பதிவானார்கள். அந்தப் பிள்ளையின் வீடு அவற்றில் ஒன்று மட்டுமே என்பது வகுப்புக்குத் தெரிந்தால் நல்லது.

அவளைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியுள்ளவன் அல்லன். லிந்துலைப் பிள்ளை சொல்லட்டும்.

பதில்: பழைய மாணவி, லிந்துலை

சொல்லிவிடுங்கள் டீச்சர். தனியாகக் கூப்பிடாமல், புத்தகம் வாங்குவது போல ஏதாவது ஒரு வேலையாக அழைத்துச் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டாலே மற்றவர்கள் பார்ப்பார்கள். எந்த வீட்டைப் பற்றியும் பேச்சு வராது என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வர விருப்பமில்லை என்றால் வராமலிருக்கலாம் என்றும் சொல்லுங்கள். அவளையே ஒரு பொறுப்பில் போட்டு எல்லோருக்கும் முன்னால் நிறுத்த மட்டும் வேண்டாம், நல்ல எண்ணத்தில்கூட வேண்டாம்.

பதில்: மஸ்கெலியா டீச்சர்

இன்று சொன்னேன். பயிற்சிப் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வரும் வழியில் சொன்னேன். ஊதுபத்தி, கலண்டர், சிங்களச் சொற்கள், சளிக் குப்பி என்று என்னென்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மிஸ், மாத்திரை முடிஞ்சிட்டா அவங்க மத்தவங்க மாதிரிதான்னு அன்னைக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். முதல் வசனமே அதுதான் என்றேன். புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு, அப்படியென்றால் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.